கூண்டை நனைக்கும் நாய்: திட்டுவதற்கு முன் துணியைப் பாருங்கள்

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. ஐந்து வயதுப் பெட்டை நாய், நாட்டு நாய்க் கலப்பு, எடை ஏறக்குறைய 18 கிலோ. குட்டியிலிருந்தே இரவில் கூண்டில் படுத்துப் பழகியது, ஒரு நாளும் உள்ளே அசிங்கம் செய்ததில்லை. போன வருடம் கருத்தடை ஆபரேஷன் ஆயிற்று. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு வாங்கிக் குடிவந்து இரண்டு மாதம். தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்த கணவர் இப்போது ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். மூன்று வாரமாகப் பாதி நாள் காலையில் கூண்டு நனைந்து கிடக்கிறது. "கொழுப்பு. வீடு மாத்தினதுக்குப் பழி வாங்குது" என்கிறாராம் மாமியார். மூக்கை அதில் தேய்த்து இரண்டு போட்டால் சரியாகிவிடுமா என்று தங்கச்சி கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்று: "அரிப்புக்குக் கடையில மாத்திரை வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்கோம், அதனால ஒன்னும் இல்லையே?"

தங்கச்சி, நீங்கள் கடைசியில் கேட்டதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். நான் டாக்டர் இல்லை. கால்நடை இலாகாவிலும் பிறகு ஒரு கிளினிக்கிலும் டாக்டர்களுக்குக் கையாளாக இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டை நனைக்கும் நாய் என்று வருபவர்களிடம் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்வியே "வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா?" என்பதுதான்.

அதற்குப் போகும் முன் அடி விவகாரத்தை முடித்துவிடுவோம். படுக்கிற இடத்தை நனைக்காமல் இருப்பது நாம் கற்றுக்கொடுத்த பாடம் இல்லை. மூன்று வாரக் குட்டிகூட தட்டுத்தடுமாறி எழுந்து, தாய் படுத்திருக்கும் இடத்தைவிட்டு நாலடி தள்ளிப் போய்த்தான் மூத்திரம் விடும். நாம் செய்ததெல்லாம் அந்தக் குணத்தைக் கூண்டுக்குள் பழக்கியது மட்டுமே. ஐந்து வருடம் ஒழுங்காக இருந்த நாய் தன் படுக்கையிலேயே விடுகிறது என்றால், அதால் அடக்க முடியவில்லை, அல்லது விட்டதே அதற்குத் தெரியவில்லை. பழிவாங்கத் திட்டம் போட்டு, விடிகாலை வரை காத்திருந்து, தானே ஈரத்தில் படுத்துக் கிடக்கும் அளவுக்கு நாய்க்கு அரசியல் தெரியாது. காலையில் நீங்கள் வந்து அடித்தால், ராத்திரி மூன்று மணிக்கு விட்டதற்கு இந்த அடி என்று அது இணைத்துப் பார்க்காது. நீங்கள் கூண்டுப் பக்கம் வந்தாலே அடி விழும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் எதிரே மூத்திரம் போகவே பயந்து, வெளியே கூட்டிப் போனாலும் அடக்கிக்கொண்டு திரும்பி வந்து கூண்டில் விடும். நனைந்த காலையில் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்து "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது" என்பார்கள். உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் அது கூனுகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். கடைகளில் அரிப்புக்கு என்று சின்ன பிளாஸ்டிக் உறையில் பெயர் எழுதாமல் கொடுக்கும் மாத்திரைகளில் பல, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். இரண்டு நாளில் சொறிவது நின்றுவிடும். ஆளுக்கும் நாய்க்கும் நிம்மதி. ஆனால் ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது, மூத்திரத்தைச் சுண்ட வைக்கும் வேலையைச் சிறுநீரகம் சரியாகச் செய்யாது. தண்ணீர் தண்ணீராக வெளியே தள்ளும். போன தண்ணீரை ஈடுகட்ட நாய் குடிக்கும், குடித்ததும் மறுபடி வெளியே போகும். இதோடு பசியும் கூடும், மூச்சு வாங்கும், மாதக்கணக்கில் கொடுத்தால் வயிறு தொங்கும். நாய் சட்டியை நக்கி நக்கி இன்னும் கேட்கிறது, ஒருநாளும் இல்லாத திருநாளாகச் சமையலறையைச் சுற்றுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாத்திரை ஆரம்பித்த தேதியையும் கூண்டு முதலில் நனைந்த தேதியையும் காலண்டரில் பாருங்கள். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே நனையத் தொடங்கியிருந்தால் பாதி விடை கையில் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று: இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். உறையோடு மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று சொல்லுங்கள். நிறுத்த வேண்டும் என்றால் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் எழுதிக் கொடுப்பார். அதுவரை நாய்க்கு வலி என்று வேறு வலி மாத்திரை எதையும் சேர்க்காதீர்கள், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடல் புண்ணாகிவிடும். வீட்டிலிருக்கும் பனடோல், ஐபூபுரோஃபென் எல்லாம் ஸ்டீராய்டு இல்லாத நாய்க்குமே விஷமாகலாம். அரிப்பு எதனால் என்பதையும் அதே நடையில் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் முக்கால்வாசி தெள்ளுப்பூச்சியும் உண்ணியும்தான். மாதாமாதம் அதற்கு மருந்து போட்டால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் என்பதால், மூத்திரப்பையில் கிருமி ஏறுவதற்கு வழி கிடைக்கிறது. அதே மருந்து வீக்கத்தையும் எரிச்சலையும் அமுக்கி வைப்பதால், சாதாரணமாகக் கிருமித் தொற்று வந்த நாய் முக்குவதுபோல, அடிக்கடி குந்துவதுபோல இந்த நாய் காட்டாமலும் இருக்கும். "நல்லாத்தான் இருக்கு, கூண்டு மட்டும் நனையுது" என்று நாம் நினைப்போம். அதனால் மாத்திரைதான் காரணம் என்று தோன்றினாலும் மூத்திரத்தைச் சோதித்துவிடுவதுதான் நல்லது.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. கூண்டில் இருக்கும் கனத்த மெத்தையை எடுத்துவிட்டு, கணவரின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து விரியுங்கள். இரண்டு மூன்று இரவு போதும். காலையில் துவைக்கப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். கறுப்புத் துணியும் பூப்போட்ட போர்வையும் மறைத்துவிடுவதை வெள்ளை வேட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

நாய் படுத்திருந்த இடத்திலேயே, பின்பக்கத்துக்கு நேர் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஈரம், நாயின் அடிவயிற்று முடியும் நனைந்திருக்கிறது, அடிக்கடி அங்கே நக்குகிறது என்றால், தூக்கத்தில் அதற்குத் தெரியாமலே ஒழுகுகிறது. கருத்தடை செய்த பெட்டை நாய்களில் இது உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் மூத்திரக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடும். ஆபரேஷன் ஆன சில வாரத்திலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். 20 கிலோவுக்கு மேலுள்ள பெரிய நாய்களில் அதிகம். உங்களுடையது எல்லையில் நிற்கிறது. பகலில் விழித்திருக்கும்போது ஒழுங்காகப் போகும், அசந்து தூங்கும்போது மட்டும் ஒழுகும். இதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, பெரும்பாலான நாய்களுக்குக் கேட்கும். கருத்தடை செய்தது தப்போ என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் பெட்டை நாய்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வேட்டியின் ஒரு மூலையில் பெரிய குளமாக, ஏறக்குறைய நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் போல இருக்கிறது, நாய் எதிர்மூலையில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது என்றால், அது விழித்து, அடக்கிப் பார்த்து, முடியாமல் தள்ளிப் போய் விட்டிருக்கிறது. ஒன்று, மூத்திரம் அளவுக்கு மீறி ஊறுகிறது. அல்லது, அடைத்து வைத்த நேரம் அதிகம். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்னதாக நாலைந்து இடத்தில் சொட்டு, மஞ்சளோ இளஞ்சிவப்போ, மூக்கைத் துளைக்கும் வாடை என்றால் மூத்திரப்பை எரிச்சல்: கிருமியோ கல்லோ. பெட்டை நாய்களில் கிருமித் தொற்றைத் தொடர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற கல் உருவாவது சாதாரணம், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஈரத்தோடு எச்சில் வழிந்த தடமும், கிழிந்த துணியும், கம்பியைக் கடித்த பல் அடையாளமும் இருந்தால் விஷயம் பயம். அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 1.5 லிட்டர் மினரல் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, அதிலிருந்து மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் கழித்துவிட்டால் குடித்த அளவு கிடைக்கும். சாதாரண நாய் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50, 60 மில்லிலிட்டர் குடிக்கும். 18 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரை ஒட்டி வரும். நம் வெயிலுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால், அதாவது உங்கள் நாய் 1.8 லிட்டருக்கு மேல் குடித்தால், அது நோயின் அல்லது மருந்தின் கணக்கு. சோற்றில் சாறு ஊற்றிப் பிசைந்து வைக்கும் வீடாக இருந்தால் அதையும் தண்ணீராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு கருவாட்டுத் தலை, நெத்திலி, குழம்பு மிச்சம் இதெல்லாம் வைத்தால் உப்புக்காகவே குடிக்கும். வெங்காயம் கிடக்கும் குழம்பு வேறு கதை, நாயின் ரத்த அணுக்களையே உடைத்து மூத்திரத்தைக் கறுத்த தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அதிகம் குடிக்கிறது என்று தெரிந்ததும் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கும் நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும். காரணம் தெரிகிறவரை தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், அதற்குத் தக்கபடி வெளியே விடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

மூத்திரம் பிடிப்பது பலருக்கும் பெரிய வித்தையாகத் தெரிகிறது. பெட்டை நாய் தாழக் குந்துவதால் டப்பாவை நீட்டினால் இடம் போதாது, மிரண்டு எழுந்துவிடும். நீண்ட காம்புள்ள சாம்பார்க் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் காயவையுங்கள். காலையில் எழுந்ததும் கயிறு கட்டி வெளியே கூட்டிப் போங்கள். பக்கத்தில் நில்லுங்கள், பின்னால் போகாதீர்கள். குந்தி ஒரு நொடி விட ஆரம்பித்ததும், பக்கவாட்டில் தரையோடு தரையாகக் கரண்டியை நகர்த்தி நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவு போதும். கழுவிய சின்னப் போத்தலில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கிளினிக்கில் சேர்த்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்று காலைக்குள் கொடுங்கள், எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். வைத்திருக்க வைத்திருக்க அதில் இல்லாத படிகங்கள் உருவாகும், கிருமி பெருகும். விடிந்ததும் வரும் முதல் மூத்திரம்தான் தேவை, இரவெல்லாம் தங்கியது என்பதால் சிறுநீரகம் எவ்வளவு சுண்ட வைக்கிறது என்பது அதில்தான் தெரியும். மூத்திரத்தின் அடர்த்தி எண் 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று டாக்டர் தலையாட்டுவார். அதற்குக் கீழே போகப் போகத்தான் சிறுநீரகம், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் என்று தேட ஆரம்பிப்பார். சர்க்கரை இருந்தால், மூத்திரத்தில் முக்கிப் பார்க்கும் சோதனைப் பட்டை நிறம் மாறிக் காட்டிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கரண்டி மூத்திரம் ஆகாது. டாக்டரே வயிற்றின் வழியாக ஊசியால் எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்கும், நாய்க்கு ரத்தம் எடுக்கும் ஊசி அளவுதான் வலி. ஸ்டீராய்டில் இருக்கும் நாய்க்கு இந்தக் கல்ச்சரைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பட்டைச் சோதனையும் நுண்ணோக்கியும் அதில் ஏமாந்துபோகும். பழைய ஆன்டிபயாடிக் மிச்சத்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள், சோதனை முடிவு கெட்டுவிடும்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது எலி. செம்பனைப் பழம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. எலிமூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நம் ஊரில் கென்சிங் திக்குஸ் என்றால்தான் எல்லாருக்கும் புரியும், நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். திடீரென்று நிறையக் குடித்து நிறையப் போவது அதன் ஒரு முகம். காய்ச்சல், வாந்தி, உடம்பு தொட்டால் வலி, கண் மஞ்சள் என்று மற்றவையும் வரும். அந்த நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் தொற்றும். மனிதர்களுக்கு வந்தால் 2010-லிருந்து சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் அது. அதனால் காரணம் தெரிகிறவரை கூண்டைக் கையுறை போட்டுக் கழுவுங்கள், காலில் புண் இருந்தால் வெறுங்காலோடு நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கழுவச் சொல்லாதீர்கள். நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. வருடம் தவறினால் பலன் போய்விடும்.

இரண்டாவது எலி மருந்து. பனைக்கு அடியில் வைக்கும் மெழுகுக் கட்டியை நாய் தின்றால், ரத்தம் உறையும் சக்தி போய்விடும். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், மூத்திரம் சிவக்கும். வேட்டியில் சிவப்பைப் பார்த்தீர்கள், நாய் தோட்டத்துக்குள் அலைந்து வந்திருக்கிறது என்றால், மூத்திரப்பைக் கிருமி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கட்டியின் நிறத்தையோ உறையையோ படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடுங்கள். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், தாமதித்தால் இல்லை.

அன்றைக்கே ஓட வேண்டியவை இன்னும் சில உண்டு, உங்கள் நாய்க்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் ஒரு சொட்டும் வராத ஆண் நாய்க்குக் கல் அடைத்திருக்கும், மறுநாள் வரை தாங்காது. கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகமாகக் குடிக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, பின்னால் சீழ் வடிகிறது அல்லது வடியாமலே வயிறு உப்புகிறது என்றால் கருப்பையில் சீழ்.

ஈப்போவுக்குப் போனால் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. கால்நடை இலாகாவின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பெரிய சிக்கல் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

உடம்பு ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட இன்னொன்று நேரம். கணவர் மண்டோராக இருந்தபோது பெரட்டுக்கு (ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக விடிகாலை நாலரைக்கு எழுந்திருப்பார். எழுந்ததும் கூண்டைத் திறந்துவிட்டிருப்பார். இப்போது ஆறரைக்கோ ஏழுக்கோதான் வீடு விழிக்கிறது. படுக்கப் போகும் நேரம் மாறாவிட்டால், அது அடக்க வேண்டிய நேரம் இரண்டு மணி கூடிவிட்டது. நல்ல உடம்புள்ள வளர்ந்த நாய் இரவில் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். ஸ்டீராய்டு குடித்துத் தண்ணீரும் குடித்த நாய் தாங்காது.

அதோடு தரை. தோட்டத்து வீட்டில் கதவைத் திறந்தால் புல், மண், சருகு. ஐந்து வருடம் புல்லில் போய்ப் பழகிய காலுக்குச் சிமெண்டுத் தரையில் குந்த மனசு வராது. தாமான் வீடுகளில் முன்பக்கம் முழுக்கச் சிமெண்டும் ஓடும்தான். நீங்கள் "வெளிய விட்டுட்டுத்தான் படுக்கிறோம்" என்கிறீர்கள். வாசலில் விட்டதும் அது போர்ச்சில் ஒரு சுற்றுச் சுற்றி, கதவருகே வந்து நின்றிருக்கும். நீங்களும் போய்விட்டது என்று எண்ணி உள்ளே சேர்த்திருப்பீர்கள். கயிறு கட்டி நீங்களே கூடப் போய், கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. சாலையோரப் புல் இருந்தால் அங்கே கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் பழைய தோட்டத்துப் புல்கட்டி நாலைப் பெயர்த்து வந்து ஒரு தட்டில் வைத்து, பின்வாசலில் போட்டுப் பாருங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலம் இன்னொரு எதிரி. பேராக்கில் அக்டோபர், நவம்பரில் மாலை நாலு மணிக்கு மேல் இடியோடு பிடித்தால் சில நாள் ராத்திரிவரை விடாது. பல நாய்கள் நனைந்த புல்லில் காலே வைக்காது. நாமும் "சரி, ஒரு நாள்தானே" என்று கூண்டில் விட்டுவிடுவோம். பிற்பகலில் மூட்டம் போட்டால் மழைக்கு முன்பே ஒரு நடை போய்விடுங்கள். இரவில் குடை பிடித்துக்கொண்டு நிற்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

பயம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இடிக்கும் பட்டாசுக்கும் நடுங்கி மூத்திரம் விடும் நாய்கள் உண்டு. தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்தில் மட்டும் நனைந்தால் அதுதான். வீடு மாறிய புதிதில் தனியாகக் கிடக்கப் பயப்படுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பழைய கைப்பேசி ஒன்றைக் கூண்டுக்கு எதிரே வைத்துப் பதிவு செய்யுங்கள். நீங்கள் விளக்கை அணைத்துப் போன அரைமணிக்குள் ஊளையிட்டு, கூண்டைச் சுரண்டி, மூச்சு வாங்கி, பிறகு விடுகிறது என்றால் பயம். அப்படிப்பட்ட நாயைக் கூண்டில் அடைப்பதே தப்பு, பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். கூண்டை உங்கள் படுக்கை அறை வாசலுக்கு மாற்றிப் பாருங்கள், அதுவும் ஆகாவிட்டால் கதவைத் திறந்து வைத்து ஒரு அறையில் விடுங்கள். சுருண்டு நிம்மதியாகத் தூங்கி, மூன்று நாலு மணிக்கு எழுந்து, சுற்றிச் சுற்றி வந்து, முனகி, கடைசியில் விடுகிறது என்றால் பயம் இல்லை, மூத்திரம் முட்டுகிறது. எந்த மணிக்கு முனகுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது கீழே உதவும்.

கழுவுவதைப் பற்றி. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் க்ளோராக்ஸ் என்ற ப்ளீச். மூத்திரத்தில் அமோனியா உண்டு, அதன்மேல் நேராகக் க்ளோராக்ஸை ஊற்றினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகை வரும். மூடிய சமையலறையில் செய்தால் உங்களுக்கே ஆகாது. ‘செராய் வாங்கி’ என்ற வாசனைப்புல் எண்ணெயைக் கலந்து துடைத்தால் நம் மூக்குக்கு மணக்கும். நாயின் மூக்குக்கு அடியில் பழைய வாடை அப்படியே இருக்கும், அது "இங்கே போகலாம்" என்று எழுதி ஒட்டிய மாதிரி. கூண்டின் அடித்தட்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, போத்தலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிடுங்கள். ஊற்றிய கையோடு துடைத்தால் வேலை செய்யாது. அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. பிறகு வெயில். தட்டின் கீறல்களுக்குள் வாடை தங்கியிருந்தால் தட்டையே மாற்றிவிடுவது மலிவு. கூண்டின் அளவு, நாய் நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்கப் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு பாதியில் விட்டுவிட்டு மறுபாதியில் படுக்கப் பழகிக்கொள்ளும்.

டாக்டர் பார்த்து, மாத்திரை வழிக்கு வந்து, கிருமி இருந்தால் அதற்கும் மருந்து முடிந்த பிறகும் சில நாய்கள் நனைப்பதை நிறுத்தாது. மூன்று நாலு வாரம் ஈரத்தில் படுத்ததில் அந்தக் கூச்சம் போயிருக்கும். குட்டிக்குச் செய்ததை மறுபடி செய்ய வேண்டியதுதான். இரவுச் சாப்பாட்டை ஆறரை மணிக்கு மாற்றுங்கள். படுக்கும் முன் கயிறு கட்டி, அதே புல், அதே சொல். "போ" என்றோ "ஒன்னுக்கு" என்றோ வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். போனதும் அங்கேயே, வீட்டுக்குள் வந்த பிறகு இல்லை, அந்த இடத்திலேயே ஒரு துண்டு கோழி ஈரல். உடனே இழுத்து வராமல் இன்னும் கொஞ்சம் நடங்கள், பல நாய்கள் இரண்டாவது தடவைதான் பையை முழுக்கக் காலி செய்யும்.

கைப்பேசிப் பதிவில் நாலு மணிக்கு முனகியது என்றால் மூன்றரைக்கு அலாரம் வையுங்கள். அது எழுப்பும் முன் நீங்கள் எழுப்ப வேண்டும். விளக்கைப் பளிச்சென்று போடாமல், பேச்சுக் கொடுக்காமல், வெளியே கூட்டிப் போய்க் கூட்டி வந்து படுக்கவிடுங்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டால் தினமும் மூன்றரைக்கு உங்களை எழுப்பும். நாலைந்து இரவு காய்ந்தே இருந்தால் அலாரத்தைக் கால் மணி தள்ளுங்கள், மறுபடி நாலைந்து இரவு, மறுபடி கால் மணி. நடுவில் ஒரு நாள் நனைந்தால் முந்தைய நேரத்துக்குத் திரும்புங்கள், திட்டாமல் கழுவிவிட்டுப் போங்கள். ஈப்போ வேலைக்குப் போகும் கணவர் தூங்கட்டும் என்றால் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் இருந்தவர்கள் பலருக்கு நாலு மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. ஈரல் துண்டு அவர் கையால் போனால் "கொழுப்பு" என்ற பேச்சும் குறையும்.

மாத்திரை நின்று, மருந்து முடிந்து, தண்ணீர் அளவு ஒரு லிட்டர் பக்கம் இறங்கி, இப்படி இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வேட்டியின் நடுவில் அந்த உள்ளங்கை வட்டம் மட்டும் வந்துகொண்டே இருந்தால், அது பழக்கக் கோளாறு இல்லை. கைப்பேசிப் பதிவையும் வேட்டியின் படத்தையும் டாக்டரிடம் காட்டி, தூக்கத்தில் ஒழுகுவதற்கான மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.